எட்டயபுரத்தில் ஒரு பகல்: பாரதி பிறந்த இல்லத்தைக் காணும் முறை

மதுரையில் நம் இலக்கிய வட்டம் தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவுறும் இவ்வேளையில், உறுப்பினர் அனைவரும் ஒருநாள் எட்டயபுரம் சென்று பாரதி பிறந்த இல்லத்தைக் கண்டு வருதல் வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்தது. பயணத் திட்டம் வகுக்கும் பொறுப்பினை என்னிடம் ஒப்படைத்த தலைவர் ஐயா அவர்கள், "காலையில் புறப்பட்டு இரவு உணவுக்குள் வீடு திரும்ப வேண்டும், அம்மா. அவ்வளவுதான் நிபந்தனை" என்றார்கள். இடங்களையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் என் கடமை முடிந்திருக்கும். ஆனால் எழுத அமர்ந்தபோது, வேன் புறப்படும் நேரத்தைவிடப் பெரியதொரு கேள்வி முன்வந்து நின்றது. ஒரு கவிஞர் பிறந்த வீட்டிற்குச் சென்று நாம் காண்பது யாது? சுவரையும் திண்ணையையும் கண்டு திரும்புவதற்கு ஒரு பகல் எதற்கு?

இக்கேள்வி எனக்குப் புதியதன்று. பதினாறு ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், இளங்கலை மாணவியர் நாற்பது பேரை அழைத்துக்கொண்டு எட்டயபுரம் சென்றேன். ஒரே நாளில் கயத்தாறு, பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், தூத்துக்குடித் துறைமுகம் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற ஆர்வம். பாரதி இல்லத்தை அடைந்தபோது மாலையாகிவிட்டது. இருபது நிமிடங்கள்தான் இருந்தன. கூட்டத்தில் பின்தங்கி நின்ற ஒரு மாணவி என்னிடம், "அம்மா, பாரதியார் எந்த அறையில் உட்கார்ந்து எழுதினார்?" என்று கேட்டாள். ஓட்டுநர் வெளியே ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார். நான் எதிரில் இருந்த அறையைக் காட்டி, "இதுவாகத்தான் இருக்கும்" என்றேன். அவ்வாறு சொல்வதற்கு எந்தச் சான்றும் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு பயிற்சி வகுப்பில் அந்த மாணவியை மீண்டும் கண்டேன். இப்போது அவர் பள்ளியொன்றில் தமிழாசிரியை. "நீங்கள் காட்டிய அறையை நான் என் பிள்ளைகளுக்கும் காட்டினேன், அம்மா. பாரதியார் எழுதிய அறை என்று எல்லாரும் தொட்டு வணங்கினார்கள்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அவ்விடத்திலேயே என் பிழையை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அங்கு வாய் வரவில்லை. இக்கட்டுரையில் அதனைச் செய்கின்றேன். ஒரு நினைவில்லத்தை எவ்வாறு காண வேண்டும் என்று பிறர்க்குச் சொல்லும் தகுதி, அதனை எவ்வாறு காணக்கூடாது என்று கற்றுக்கொண்டதனால் மட்டுமே எனக்கு வந்தது.

புறப்படும் இடம்

பயணத்தை மதுரை வடக்கு வெளிவீதியிலுள்ள சேதுபதி பள்ளியின் வாயிலிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. காரணம் உண்டு. 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தை விட்டு வெளியேறிய பாரதி முதலில் வேலைக்கு அமர்ந்த இடம் அது. அவ்வாண்டு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, ஏறத்தாழ மூன்று மாதங்கள், அங்குத் தற்காலிகத் தமிழாசிரியராகப் பணிபுரிந்தார். அதற்குச் சற்று முன், ஜூலையில், 'தனிமை இரக்கம்' என்னும் அவர்தம் பாடல் மதுரையிலிருந்து வெளிவந்த 'விவேகபாநு' இதழில் அச்சாயிற்று. அச்சேறிய அவர் பாடல்களுள் முதலாவது இதுவே என்பர். ஆகவே மதுரைக்காரர்களாகிய நமக்குப் பாரதியின் எழுத்து வாழ்க்கை எட்டயபுரத்தில் அன்று, நம் தெருவிலேயே தொடங்குகின்றது. அங்கிருந்து அவர் வந்த வழியைப் பின்னோக்கிச் சென்று, அவர் விட்டு வந்தது எது என்று பார்ப்பதே இப்பயணத்தின் நோக்கம்.

அருப்புக்கோட்டை, பந்தல்குடி வழியாகத் தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் சென்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எட்டயபுரம் வந்துவிடும். இரயிலில் செல்வோர்க்குக் கோவில்பட்டியே அண்மை நிலையம். அருப்புக்கோட்டையைக் கடந்ததும் நிலம் கருக்கத் தொடங்கும். வேனில் அரட்டையை நிறுத்திக்கொண்டு அந்தக் கரிசல் மண்ணைச் சற்று நோக்குதல் நலம். மழையை நம்பிய மண் அது. பருத்தி விளையும் மண்ணும் அதுவே. பாரதியின் தந்தையார் சின்னசாமி ஐயர் எட்டயபுர அரண்மனையில் பணிபுரிந்தவர். இயந்திரங்களில் நாட்டம் மிக்கவர். இப்பருத்தியை நம்பி ஆலையொன்று நிறுவ முயன்று, பொருளிழந்து, மனமுடைந்து 1898ஆம் ஆண்டு மறைந்தார். அந்நிய வாணிகத்தின் முன் உள்நாட்டு முயற்சி நிலைகுலைந்த கதையைப் பாரதி நூல்களில் படித்து அறிந்தவரல்லர். வீட்டிலேயே கண்டவர். சாலையோரக் கரிசற்காடு அவ்வகையில் அவர் வாழ்க்கை வரலாற்றின் முதல் ஏடாகும்.

வீடு

எட்டயபுரத்தில் முதலில் காணவேண்டியது வீடு. பலரும் நெடுஞ்சாலையை ஒட்டி வசதியாக இருப்பதால் மணிமண்டபத்தை முதலில் கண்டு, வீட்டைப் பின்னர்க் காண்கின்றனர். மண்டபத்தின் பெருமை கண்ணில் நிறைந்தபின் வீடு சிறுத்துத் தோன்றுவது இயல்பு. வரலாற்று முறைப்படி வீடு முன்னும் மண்டபம் பின்னும் வருதல் வேண்டும்.

11.12.1882 அன்று சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்பிரமணியன் இவ்வீட்டில் பிறந்தான். வீட்டார் அழைத்த பெயர் சுப்பையா. இவ்வில்லம் தாய்வழி உறவினர்க்கு உரியதாக இருந்தது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்கள் தாய்வீடு செல்லும் வழக்கத்தை எண்ணிப் பார்த்தால், நாம் பாரதி வீடு என்று கூறுவது உண்மையில் இலக்குமி அம்மாளின் பிறந்தகம் என்பது விளங்கும். அத்தாய் 1887ஆம் ஆண்டு, மகனுக்கு ஐந்து வயதாகும்போதே மறைந்தார். பிற்காலத்தில் பராசக்தியைத் தாயாகவும் நாட்டைத் தாயாகவும் மொழியைத் தாயாகவும் பாடிய ஒருவர், பெற்ற தாயின் முகத்தை நன்கு நினைவில் கொள்ள இயலாத வயதில் அவரை இழந்த வீட்டுச் சூழல் இது. இங்கு நிற்கும்போது ஒரு நிமிடமேனும் அந்த அம்மையாரை நினைத்தல் நம் கடன்.

தமிழக அரசு இவ்வில்லத்தைப் பெற்று 1973ஆம் ஆண்டு நினைவில்லமாக்கியது. படங்கள், குடும்ப விவரங்கள், கையெழுத்துப் படிகள் முதலியன இங்கு வைக்கப்பட்டுள்ளன. விரைந்து பார்ப்பவர்க்கு அரைமணி நேரமே மிகுதி. ஏனெனில் கவிஞர் பயன்படுத்திய மேசை, எழுதுகோல், புத்தக அடுக்கு என்று மனம் எதிர்பார்க்கும் பொருள்கள் இங்கு இல்லை. இருக்கவும் இயலாது. 1894 முதல் திருநெல்வேலியில் பள்ளிப் படிப்பு, 1898 முதல் காசியில் அத்தை வீட்டில் வாழ்வு, 1902ஆம் ஆண்டளவில் மீண்டும் எட்டயபுரம், 1904இல் மதுரை, பின்னர்ச் சென்னை, 1908 முதல் 1918 வரை புதுச்சேரி, அதன்பின் கடையம், 1920 முதல் மீண்டும் சென்னை, 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் மறைவு. 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' ஆகிய மூன்றும் புதுச்சேரி வாழ்க்கையின் விளைவுகள். எனவே நான் காட்டிய அறையில் பாரதி எதனையும் எழுதியதாகச் சொல்ல இடமில்லை. இது எழுதிய வீடன்று, பிறந்த வீடு. இவ்வேறுபாட்டை வாயிலிலேயே சொல்லிவிட்டால், உள்ளே செல்வோர் இல்லாத மேசையைத் தேட மாட்டார்கள்.

இன்னொன்றும் கூற வேண்டும். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் இவ்வில்லத்தின் மேற்கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. செய்தியறிந்த அன்று, வீடுகளும் மனிதரைப் போலவே மூப்படைகின்றன என்ற எளிய உண்மை நெஞ்சில் உறைத்தது. நூலுக்கு மறுபதிப்பு உண்டு. வீட்டைச் செப்பனிடலாமே தவிர மறுபதிப்புச் செய்தல் இயலாது. ஆகவே புறப்படுமுன், இல்லம் பார்வைக்குத் திறந்துள்ளதா என்று நினைவகங்களைப் பேணும் செய்தி மக்கள் தொடர்புத் துறையினரிடம் கேட்டறிதல் இன்றியமையாதது. உள்ளே செல்ல இயலாத நிலை வரினும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டா. தெருவில் நின்று காண்பதற்கும் நினைப்பதற்கும் நிரம்ப உள.

அரண்மனை வாயிலில்

வீட்டிலிருந்து அரண்மனைப் பகுதிக்கு நடந்தே செல்லலாம். பொலிவிழந்த அக்கட்டடங்களை வெளியிலிருந்து காண்பதே முறை. உள்ளே செல்ல உரியவர் இசைவு வேண்டும். இவ்விடத்தில் உறுப்பினர் எவரேனும் ஒருவர், "இது எட்டப்பன் அரண்மனைதானே?" என்று கேட்பது உறுதி. அக்கேள்விக்கு விடை சொல்லாமல் எட்டயபுரத்தைக் கடக்க இயலாது.

எட்டப்பர் என்பது ஒரு தனி மனிதரின் பெயரன்று. இம்மரபினர் வழிவழியாகத் தாங்கிய பெயர். எட்டயபுரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே நெடுநாளைய எல்லைப் பூசல் இருந்தது. 1799ஆம் ஆண்டுப் போரில் எட்டயபுரம் கும்பினிப் படையின் பக்கம் நின்றது. அவ்வாண்டு அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் ஊர்கள் கும்பினிக்குத் துணைநின்றோர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. எட்டயபுரமும் பங்கு பெற்றது. கதைப்பாடல்களும் நாடகங்களும், 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படமும் இவ்வரலாற்றை மக்கள் மனத்தில் பதித்தன. ஓர் அரச மரபின் பெயர் காட்டிக்கொடுத்தலைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே தமிழில் நிலைத்துவிட்டது.

இவற்றை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் இதே அரண்மனையில்தான் 1893ஆம் ஆண்டளவில், பதினொரு வயதுச் சுப்பையாவுக்குப் புலவர் அவையில் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்தது. நாட்டு விடுதலைக்குப் பாடியவரின் பெயர், வெள்ளையர்க்குத் துணைநின்ற மரபின் அவையில் சூட்டப்பட்ட பெயர். இம்முரணைச் சமன்செய்து எளிதாக்கிச் சொல்ல வழியில்லை. அப்படியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

பெயர் தந்த அரண்மனை வாழ்வு தந்ததா? இதற்கு விடை காண மூன்று விண்ணப்பங்களைக் கருத வேண்டும். முதலாவது 1897ஆம் ஆண்டு ஜனவரியில், பதினான்கு வயது மாணவனாக, படிப்பைத் தொடர உதவி வேண்டிப் பாரதி செய்யுளில் எழுதியது. இரண்டாவது 1919ஆம் ஆண்டு மே மாதம், புதுச்சேரியிலிருந்து திரும்பிக் கடையத்தில் வறுமையில் வாடியபோது, வெங்கடேசுர எட்டப்பருக்கு எழுதிய சீட்டுக்கவி. பழம்புலவர் மரபில் நின்று, பொற்கிழியும் சால்வையும் பல்லக்கும் வேண்டும் என்று தலைநிமிர்ந்து கேட்ட கவிதை அது. மூன்றாவது, அவ்வாண்டு ஆகஸ்டில் எழுதிய உரைநடைக் கடிதம். எட்டயபுர மன்னர் மரபை விரித்துரைக்கும் 'வம்சமணி தீபிகை' என்னும் நூல் 1879இல் வெளிவந்திருந்தது. அந்நூலைத் திருத்திய இனிய தமிழ்நடையில் தாம் எழுதித்தர விரும்புவதாக அக்கடிதத்தில் பாரதி தெரிவித்தார்.

மே மாதத்துக் கவிதைக்கும் ஆகஸ்டு மாதத்துக் கடிதத்துக்கும் இடையே மூன்று மாதங்கள். முன்னதில் கேட்பவர் கவியரசர். பின்னதில் கேட்பவர் வேலை தேடும் எழுத்தாளர். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு அந்த மூன்று மாதத்தில் கடையத்து வீட்டில் அடுப்பு எத்தனை நாள் எரிந்திருக்கும் என்ற எண்ணம் எழாமற் போகாது. 1919இன் இரு விண்ணப்பங்களாலும் அவர் நிலை மாறவில்லை. மறு ஆண்டு மீண்டும் 'சுதேசமித்திரன்' அலுவலகத்திற்கே வேலைக்குச் சென்றார்.

அரண்மனைக்கு நீதி செய்யவும் வேண்டும். காசியிலிருந்து வந்த இளைஞருக்கு 1902 முதல் 1904 வரை வேலை தந்தது இவ்வரண்மனையே. அந்த வேலை பாரதிக்கு ஒவ்வவில்லை. வேலையற்ற பெருமையும் வெற்றுப் புகழுரையும் நிறைந்த அவைச் சூழலை, கவுண்டனூர் என்னும் கற்பனை ஊரில் வைத்து, 'சின்னச் சங்கரன் கதை'யில் அவர் எள்ளி நகையாடினார். முற்றுப்பெறாத அக்கதையைப் பயணத்திற்கு முன் உறுப்பினர் அனைவரும் படித்துவருதல் வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். அதனைப் படித்தவர் கண்ணுக்கு, எதிரே நிற்கும் பாழடைந்த சுவர்களும் பேசத் தொடங்கும்.

தீட்சிதர் சமாதி

அடுத்துக் காணவேண்டியது முத்துசாமி தீட்சிதரின் சமாதி. 1775இல் திருவாரூரில் பிறந்த அவர் வாழ்வின் இறுதியில் எட்டயபுரம் வந்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் இங்கு அவைக் கலைஞராக விளங்கினார். மேனாட்டு வயலினை நம் இசைக்கு இசைவித்த முன்னோடியாகப் போற்றப்படுபவர் அவர். வரும் வழியில் வறண்டு கிடந்த கரிசலைக் கண்டு இரங்கிய முத்துசாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாட, மழை பொழிந்தது என்பது செவிவழி மரபு. மழை பொழிந்ததோ இல்லையோ, கரிசல் மக்களின் ஏக்கம் அக்கதையில் உள்ளது. 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் அவர் இவ்வூரிலேயே மறைந்தார்.

இங்கு இன்னொரு செய்தி பெரிதும் எண்ணத்தக்கது. பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரரும் அவருக்குச் சுவீகார மகனுமான சுப்பராம தீட்சிதர் தொகுத்த 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூல் 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்திலேயே, வித்யா விலாசினி அச்சகத்தில், தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. 1,700 பக்கங்களை ஒட்டிய அந்நூல் இல்லையேல், தீட்சிதர் கிருதிகளை இன்று நாம் அறியும் அளவுக்கு அறிந்திருக்க மாட்டோம். சுரக்குறியீடுகளோடு கூடிய இசைநூலை ஒரு சிற்றூரில் அச்சிடுவது எத்துணைக் கடினம் என்பதை அச்சுத்தொழில் அறிந்தோர் உணர்வர். அம்முயற்சிக்குப் பின்னின்றதும் அரண்மனைப் பொருளே.

பாரதி எட்டயபுரத்தை விட்டுச் சென்றதும் அதே 1904. முதியவர் ஒருவர் நூறாண்டுப் பழமையைத் தொகுத்து முடிக்கும் ஆண்டில், இருபத்தொரு வயது இளைஞர் ஒருவர் புதுமையைத் தேடி ஊரைவிட்டு நீங்குகின்றார். இருவரையும் எதிரெதிராக நிறுத்தத் தோன்றும். ஆனால் 1906இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது அவருக்கு இரங்கற்பா பாடியவர் பாரதி. பின்னாளில் இசை பற்றிய கட்டுரையில், பொருள் விளங்காப் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் பாடும் வழக்கத்தைக் கடுமையாகக் கடிந்தவரும் அவரே. ஊரின் செல்வத்தை மதிக்கவும் அதன் தேக்கத்தைக் கண்டிக்கவும் ஒருவரே கற்றிருந்தார் என்பதற்கு இச்சமாதி சாட்சி.

உமறுப்புலவர் நினைவிடம்

இளசை என்று புலவர்கள் போற்றிய இவ்வூரின் தமிழ் மரபு பாரதியோடு தொடங்கியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் இங்கு அவைப்புலவராக இருந்தவர் கடிகைமுத்துப் புலவர். அவரிடம் பயின்றவர் உமறுப்புலவர். வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கப்பெற்று, அவர் மறைவுக்குப் பின் அபுல்காசிம் என்னும் வள்ளலின் துணையால் வளர்ந்த 'சீறாப்புராணம்' நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் கூறும் காப்பியம். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று பகுதிகளில் 5,027 பாடல்கள் கொண்டது. அரபு நாட்டு நிகழ்ச்சிகளைச் சொல்லப் புகுந்தவர் தமிழ்க் காப்பிய மரபின்படி நாட்டுவளமும் நகர்வளமும் பாடினார். பாலைவனத்து ஊர்களுக்கும் தமிழ் மழை பெய்தது.

வகுப்பறையில் சீறாப்புராணத்தை மதிப்பெண்ணுக்கு உரிய பகுதியாக நடத்திச் செல்கின்றோம். அதன் ஆசிரியர் எட்டயபுரத்தில் அடங்கியிருக்கின்றார் என்பதையும், பாரதியின் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே அவர் நினைவிடம் உள்ளது என்பதையும் பலர் அறியார். பதினாறு ஆண்டுகளுக்கு முன் மாணவியரை நான் இங்கு அழைத்து வரவில்லை. நேரமில்லை என்று அன்று காரணம் சொல்லிக்கொண்டேன். தமிழக அரசு 2007ஆம் ஆண்டு இவருக்கு இங்கு மணிமண்டபம் அமைத்தது. இம்முறை அதற்கென்று முக்கால் மணி நேரம் ஒதுக்கியுள்ளேன். வட்டத்து அன்பர் ஒருவர் சீறாப்புராணம் பற்றிச் சிற்றுரை நிகழ்த்த இசைந்துள்ளார்.

மணிமண்டபம்

பகலுணவுக்குப் பின் பாரதி மணிமண்டபம். 'கல்கி' இதழ் வழியாகப் பேராசிரியர் கல்கி விடுத்த வேண்டுகோளை ஏற்றுத் தமிழ் மக்கள் அனுப்பிய பொருளால் எழுந்தது இது. 1945ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டியவரும், 1947ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்துவைத்தவரும் இராஜாஜி. நாடு விடுதலை பெற்று இரு மாதங்களே ஆகியிருந்தன. விடுதலை வருமுன்னரே அது வந்துவிட்டதாகக் கொண்டு ஆடிப்பாடிய கவிஞருக்கு, விடுதலை வந்தபின் சொந்த ஊரில் கிடைத்த முதல் வீடு இம்மண்டபம் எனலாம்.

இதனை இறுதியில் காணச் சொல்வதற்குக் காரணம் இப்போது புலப்படும். காலையில் அரண்மனை வாயிலில், ஒரு மன்னரிடம் கவிஞர் விடுத்த விண்ணப்பங்களைக் கேட்டோம். பிற்பகலில், அக்கவிஞர் மறைந்து இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின், அவர் கேளாமலே பெயரறியாத வாசகர்கள் அளித்த கொடையைக் காண்கின்றோம். மண்டபம் திறக்கப்பட்ட மறு ஆண்டு, 1948இல், ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. புலவனைப் புரக்கும் பொறுப்பு அரண்மனையிடமிருந்து வாசகர் கைக்கு மாறியதை இவ்வூரின் இரு கட்டடங்கள் அருகருகே நின்று காட்டுகின்றன. ஆயினும் கொடை வந்து சேர்ந்த காலத்தையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். 1919இல் ஒரு சிறு தொகை போதுமாக இருந்தது. 1947இல் மண்டபம் எழுந்தது. காலந்தாழ்த்திப் போற்றும் பழக்கத்திலிருந்து நம் போன்ற இலக்கிய வட்டங்களும் விலகி நிற்பதாகக் கூற இயலாது. நம் ஊரிலேயே இன்று எழுதிக்கொண்டிருப்போரின் நூல்களை நம்மில் எத்தனை பேர் விலைகொடுத்து வாங்குகின்றோம்?

பயண நிரல்

கட்டபொம்மன் கோட்டையும் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் அண்மையில்தானே உள்ளன, அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று அன்பர்கள் சிலர் கேட்டனர். கேள்வி நியாயமானது. ஆனால் வ.உ.சி.யின் வாழ்வுக்கு இன்னொரு முழுநாள் வேண்டும். அவரை ஒரு பயணத்தின் வால்பகுதியாக்குதல் தகாது. அடுத்த ஆண்டுக்கு அதனை வைத்துக்கொள்வோம்.

டிசம்பர் 11 விழா நாளாதலால் கூட்டம் மிகும். கோடையில் கரிசல் வெயில் முதியோர்க்கு ஆகாது. தை மாதத்து வாரநாள் ஒன்றே ஏற்றது. காலை 6.00 மணிக்குச் சேதுபதி பள்ளி வாயில். வழியில் சிற்றுண்டி. 9.00 மணிக்கு வீடு; 10.30க்கு அரண்மனை வாயில், 11.15க்குத் தீட்சிதர் சமாதி, அங்கு ஒரு கிருதி மட்டும் பாடப்பெறும்; 12.15க்கு உமறுப்புலவர் நினைவிடம். பகலுணவுக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் கொண்டு செல்வோம். குடிநீரும் நம்முடையதாகவே இருக்கட்டும். 2.30க்கு மணிமண்டபம். அங்கு 1897, 1919 ஆகிய ஆண்டுகளின் விண்ணப்பங்கள் மூன்றும் காலமுறைப்படி உரக்கப் படிக்கப்பெறும். கைதட்டல் வேண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கின்றேன். 4.30க்குப் புறப்பாடு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் வேண்டுவோர் எட்டயபுரத்துக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்காக வழியைச் சுற்ற வேண்டா.

வேனில் ஆறு இடங்களைச் செயற்குழுவின் இசைவோடு ஒதுக்கி வைத்துள்ளேன். முன்னாள் மாணவியாகிய அந்தத் தமிழாசிரியைக்கும் அவர் பள்ளிப் பிள்ளைகள் ஐவருக்கும் உரியவை அவை. அவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னபோது, அந்த அறையைப் பற்றிய உண்மையையும் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் பிள்ளைகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அம்மா. நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், வணங்கிவிட்டார்கள்" என்றார்.

சொல்வேன். இந்த அறையில் அவர் எழுதவில்லை, இவ்வீட்டில் பிறந்தார், தாயை இழந்தார், இவ்வூரில் பெயர் பெற்றார், பிழைக்க வழியின்றி இவ்வூரை விட்டு நம் மதுரைக்கு வந்தார் என்று சொல்வேன். எங்கே எழுதினார் என்று பிள்ளைகள் கேட்டால், புதுச்சேரிக்கு இன்னொரு நாள் போவோம் என்பேன்.